வலக் கன்னம்

"மறுவைப் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டாய், விஜிதா," என்றார் ஓவிய ஆசிரியை பாவோலா. "உனக்கு இடக் கன்னத்தில் அல்லவா இருக்கிறது? படத்தில் வலக் கன்னத்துக்கு வந்துவிட்டதே!"

"கண்ணாடியைப் பார்த்து வரைந்தேன், சிக்னோரா. அப்படித்தான் வந்தது," என்றாள் விஜிதா, தூரிகையைத் துடைத்தபடி.

அவள் பிழைக்க வந்த வெளிநாட்டு நகரின் கால்சாப் பகுதியில், ஒரு பழைய மாளிகையின் கீழறையில் வியாழன்தோறும் வகுப்பு. வீட்டு வேலைக்குப் போகும் மற்றப் பெண்கள் அந்த அரைநாள் லீவில் மொண்டெல்லோ கடற்கரைக்குப் போவார்கள். இவள் இங்கே எண்ணெய் வர்ணத்தோடு மல்லுக்கட்டினாள்.

போன குளிர்காலம் முழுக்க, ஒரு பழைய ஓவிய மேதை தன்னைத் தானே வரைந்த படத்தைப் பார்த்து வரைவதுதான் பயிற்சி. முதல் தடவை கிழவருக்கு மூக்கு வீங்கிவிட்டது. அடுத்த தடவை அவர் பலசரக்குக் கடைக் கோபாலசிங்கத்தார் மாதிரி முழித்தார்.

"இவர் கண்ணாடியில் தெரிந்தவரைத்தான் வரைந்தார். அதில் இடம் வலமாகிவிடும்," என்று பாவோலா ஒருநாள் சொன்னார். விஜிதாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வியாழன் அவள் ஒரு கண்ணாடியோடு வந்தாள்.

"அம்மாவுக்கு அனுப்பும் படம் என்றாயே? அவர் உன்னைக் கண்ணாடியிலா பார்த்து வளர்த்தார்? மாற்றிவிடு," என்றார் பாவோலா இப்போது, மறுவைச் சுட்டிக்காட்டி.

"வேண்டாம். இப்படியே இருக்கட்டும்." விஜிதா படத்தை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள். பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டு பாவோலா நகர்ந்துவிட்டார்.

படம் காய்ந்து வீட்டுக்கு வந்தபோது அவள் கணவன் றஞ்சித்துக்குச் சிரிப்பு. "என்னப்பா, போனிலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் முடிஞ்சுது. இதுக்குப் போய் ஒரு வருசமோ?"

"போட்டோவிலை நான்தான் வருவன்."

"பின்னை? வேறை ஆர் வாறது?"

அவள் முல்லைத்தீவில் இருக்கும் அம்மாவை வீடியோவில் அழைத்தாள். கடைசிச் சண்டையில் வீட்டோடு எல்லாப் படங்களும் போய்விட்டன. 'கண் மூட முதல் பிள்ளையின்ர முகத்தைச் சுவரிலை கொழுவிப் பாக்கோணும்' என்று அம்மா அழாத நாளில்லை. அந்த அழுகையை விஜிதாவால் தாங்க முடிவதில்லை.

"கன்னத்தைக் காட்டு, பிள்ளை," என்றார் அம்மா. அவளைக் கண்டதும் எப்போதும் முதலில் கேட்பது அதைத்தான். சின்ன வயதிலிருந்தே அப்படி.

விஜிதா இடக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். "சரி" என்றார் அம்மா.

"அம்மா, நீங்கள் கேட்ட படம் முடிஞ்சுது. வடிவாப் பாருங்கோ."

போனைப் படத்தின் பக்கம் பிடித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். முகத்தைப் பார்த்தார், மறுவைப் பார்த்தார்.

"இது நீயில்லை," என்றார்.

"ஓம் அம்மா. நானில்லை."

அம்மாவின் விரல் திரையில் அந்த வலக் கன்னத்தைத் தடவியது. றஞ்சித்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ரெண்டு பேரும் ஒண்டாத்தானே என்ர வயித்திலை கிடந்தனீங்கள், நீ மட்டும் எங்கையடி போனனி, சுதா?"