மாமியாருக்கு இல்லாத மீன்

சைபீரியாவில், உறைந்த லேனா ஆற்றின் மேல் போய்க்கொண்டிருந்த லாரி, நடுவழியில் கொதித்து நின்றது. வெளியே மைனஸ் ஐம்பது டிகிரி.

"எல்லாம் உன் வேலைதான்டி. ரேடியேட்டருக்குப் போர்வை தைக்கச் சொன்னா மெத்தை தைச்சிருக்கே" என்றான் மிச்சில்.

"போன வருஷமும் இதே போர்வைதாங்க. அப்ப கொதிக்கலையே" என்றாள் மனைவி துயாரா. "அவிழ்த்துப் பாக்கலாம்."

"வேண்டாம். குளிர் பட்டா ரேடியேட்டர் உறைஞ்சிடும்."

"இஞ்சின் போச்சுன்னா நாமளே உறைஞ்சிடுவோம். அம்மா வீட்டுக்கு வெறுங்கையோட போறதே அவமானம். பொணமா வேற போகணுமா?"

"ஏரியில மீனே சிக்கலைன்னா நான் என்ன பண்ண?"

துயாரா இறங்கிப் போய்ப் போர்வையின் கயிறுகளை அவிழ்த்தாள். ஆவியோடு குப்பென்று வாசனை அடித்தது. போர்வைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, காற்று புக இடமில்லாமல், பெரிய பெரிய மீன்கள் விறகு போல அடுக்கப்பட்டிருந்தன.

"உள்ளே வெச்சா உருகிடும், பின்னாடி வெச்சா நீ பாத்துடுவேன்னுதான்..." என்று இழுத்தான் மிச்சில். "லாரி டிப்போ பசங்க உறைஞ்ச மீனைப் பச்சையாவே சீவித் தின்னணும்னு ஆசைப்பட்டாங்க..."

துயாரா ஒரு மீனை விரலால் அழுத்திப் பார்த்தாள். பாதி வெந்திருந்தது.

"பல்லு போன மாமியாருக்குன்னு வேக வெச்சே கொண்டாந்திருக்கீங்க" என்றாள். "இவ்வளவு பாசம் இருக்கும்னு அம்மாவே நம்ப மாட்டாங்க."