முந்திப் போனவள்

தொண்ணூற்றேழில் கதிர்காமத்துக்கு நடந்து போன கூட்டத்தில் சீதேவிப்பிள்ளைதான் கடைசி. காணாமற்போன மகனுக்காக நேர்ந்துகொண்ட நடை. கால்தான் சொன்னபடி கேட்கவில்லை.

ஆரையம்பதிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டினாள். சிப்பாய் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“நீ போயாச்சுதானே?”

அவளுடைய பெயர், அட்டை இலக்கம், கோணல் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. நேரம் மட்டும் ஒரு மணித்தியாலம் முந்தியது.

“என்னமோ பிழை நடந்திருக்கு, நீ வாகா,” என்றாள் காத்து நின்ற மச்சாள் பாக்கியம். “ஆரையும் எட்டிப் புடிக்க நினைக்காத. உன்ட காலுக்கு ஏத்த நடையப் புடி.”

வாவிக் காற்று வலப்பக்கம் வீச, மூச்சும் காலும் மெல்ல இசைந்து வந்தன. பின்னேரம் களுவாஞ்சிகுடியிலும் அவள் பெயர் முந்தியே பதிந்திருந்தது. இம்முறை அரை மணித்தியாலம்தான். மறுநாள் கல்லாற்றில் கையெழுத்தின் மை காயவில்லை. அவள் விரலில் ஒட்டியது.

முன்னால் போகிறவளை எட்டிவிடக் கூடாதென்று மெதுவாக நடந்து பார்த்தாள். பிடிபட்ட நடை குறைய மறுத்தது. பாக்கியமும் மற்றவர்களும் எப்போதோ முன்னால் போய்விட்டார்கள். பாலத்தடியில் முக்காடிட்டுக் குனிந்து காலில் முள் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியை, முகம் பார்க்காமல் கடந்தாள்.

அடுத்த சாவடிப் புத்தகத்தில் அவள் பெயர் இல்லை. பெருமூச்சு விட்டபடி கையெழுத்து வைத்துவிட்டு நடந்தாள்.

இருபது அடி போயிருப்பாள். பின்னால் சிப்பாய் யாரிடமோ சலிப்போடு கேட்டான்.

“நீ போயாச்சுதானே?”