கீழ் வீட்டில் ஒருத்தர்

"கீழே அந்த வீட்டுல யார் சார் இருக்காங்க?"

"யாருமில்ல மேடம். பூட்டிக் கிடக்குது."

"கொடியில துணி காயுதே?"

"காத்துல பறந்து போய் விழுந்திருக்கும்."

"பறந்து போன துணி தானா கிளிப்பு மாட்டிக்கிச்சா?"

அணைக்காரர் தலையைச் சொறிந்தார். அக்கம்பக்கத்தில் அவருக்கு அதுதான் பெயர். தன் நிலத்தில் ஓடிய ஓடையை மண் கரை போட்டு மறித்து, இருபத்தெட்டு வருடமாக ஒரு குளத்தைச் செல்லம் கொடுத்து வளர்த்து வருகிறவர். காலையில் கரையின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு நடை நடந்தால்தான் அவருக்குத் தொண்டையில் காபி இறங்கும்.

ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி குனிந்து கரை மேலிருந்த விரிசலை அளந்தாள். போன வருடம் விரல் நுழைந்த இடத்தில் இப்போது முழங்கை வரை நுழைந்தது. அவர் நடந்து நடந்து தேய்ந்த தடத்தை ஒட்டியே அது ஓடியது.

"போன வருஷமே இதைச் சரி பண்ணச் சொன்னேனே சார்?"

"சொன்னீங்க. கட்டாயமில்லைன்னும் சொன்னீங்க. எனக்கு ரெண்டாவதுதான் நல்லா ஞாபகம் இருக்கு."

சொன்னது உண்மைதான். தனியார் அணைக்கு வகுப்பு போடுவது கரையின் லட்சணத்தைப் பார்த்து அல்ல. கரை உடைந்தால் கீழே யார் வீட்டில் தண்ணீர் புகும் என்பதுதான் கணக்கு. கீழே ஆளே இல்லையென்றால் மூன்றாம் வகுப்பு; வெறும் அறிவுரையோடு முடிந்துவிடும். ஒரே ஒருத்தர் குடியிருந்தாலும் முதல் வகுப்பு. உடனே தண்ணீரை வடித்துவிட்டு, கரையை அடியோடு பிரித்துக் கட்டியாக வேண்டும். அதையெல்லாம் போன வருடம் இவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் விளக்கியிருந்தாள். அவர் மனைவிகூட ஏதோ சந்தேகம் கேட்டார். என்ன கேட்டார் என்பது அவளுக்கு இப்போது நினைவில்லை.

"ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு சார். கீழ் வீட்டுல ரெண்டு மாசமா ஒருத்தர் குடியிருக்காங்கன்னு. எழுதினவங்க பேர் போடல."

"எவனோ வேலைவெட்டி இல்லாதவன்."

"நான் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"வேணாம் மேடம்." அணைக்காரரின் குரல் இறங்கிவிட்டது. "அங்க இருக்கறது என் சம்சாரம்."

அதிகாரி பேனாவை மூடினாள்.

"காபியில சர்க்கரை கம்மின்னு சொன்னேன். முப்பது வருஷமா சொல்ற பேச்சுதான். அன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சோ, பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. கல்யாணமான புதுசுல நாங்க இருந்த வீடு அது. கால்ல விழாத குறையா கூப்பிட்டாச்சு, அசைய மாட்டேங்கறா. ஆனா தினம் பிளாஸ்க்குல காபி மட்டும் போட்டு வாசல்ல வச்சிடறா."

"சர்க்கரை?"

"தூக்கலா."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "சரி, இன்னைக்கே சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்துடுங்க. வீடு காலின்னா சட்டப்படி நான் பழைய வகுப்பைத்தான் எழுத முடியும். உங்க குளம் தப்பிச்சுடும்."

அணைக்காரருக்கு முகம் மலர்ந்தது. இருவரும் சரிவில் இறங்கினார்கள். பாதி வழியில் அவர் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து பார்க்கையில் கரை பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அடியில் ஒரு இடத்தில் மண் நசநசவென்று ஈரமாக இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் வகுப்புன்னே எழுதிடுங்க மேடம்."

"குளம் போயிடுமே சார்?"

"போகட்டும். குளத்தைக் காப்பாத்தறதுக்காக அவளைக் கூப்பிட்டேன்னு இருக்க வேணாம். மனசு இருந்தா வரட்டும், இல்லாட்டி இங்கயே இருக்கட்டும். எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். அவ தலைக்கு மேல இவ்வளவு தண்ணியைத் தேக்கி வச்சுக்கிட்டு எனக்கு நடை என்ன வேண்டிக் கிடக்கு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரையின் ஓரத்திலிருந்த வடிகால் குழாயைத் திறக்கப் போய்விட்டார்.

கீழ் வீட்டுக் கதவைத் தட்டியதும் அவர் மனைவி காத்திருந்தவர் போலத் திறந்தார். அதிகாரி நடந்ததைச் சொல்லி, குடியிருப்பவர் கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டினாள். அந்த அம்மாள் கண்ணாடி போட்டு வரி விடாமல் படித்தார்.

"இதை அப்புறம் மாத்த முடியுமாம்மா?"

"முடியாதும்மா. நீங்களே வீட்டைக் காலி பண்ணினாலும் அவர் கரையைக் கட்டித்தான் ஆகணும்."

"கட்டி முடிக்கிற வரைக்கும் யாரும் மேல ஏறக் கூடாதுதானே?"

"ஈ, காக்காகூட ஏறக் கூடாது."

"அப்பாடா" என்று குண்டு குண்டான எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த எழுத்தை அதிகாரி ஏற்கெனவே அலுவலகக் கோப்பில் பார்த்திருந்தாள். நிமிர்வதற்குள் அந்த அம்மாள், கதவுக்குப் பின்னால் கட்டித் தயாராக இருந்த பெட்டியை வெளியே எடுத்து வைத்து வீட்டைப் பூட்டிவிட்டார்.

"அம்மா, அந்தக் கடிதம் நீங்களா? அப்போ சர்க்கரைச் சண்டை?"

"சர்க்கரைக்கா யாராவது வீட்டை விட்டுக் கிளம்புவாங்க?" பெட்டியைத் தூக்கிக்கொண்டே மேட்டைப் பார்த்து நடந்தார் அவர். "தினமும் கரை மேல நடக்கறாரே, இவரை ஆள் கணக்குல சேர்ப்பீங்களான்னு போன வருஷம் கேட்டேன், கீழ இருக்கறவங்களைத்தான் சேர்ப்போம்னு சொல்லிட்டீங்க, அதான் நான் கீழ வந்து இருந்தேன்."