கள்ளக் காய்ச்சல்

"ஊரே ரோட்டுக்கு வரணும்னு நான் தொண்டை கிழியக் கத்திக்கினு கீறேன். நீ இன்னாமே, ஊட்டுக்குள்ள குந்திக்கினு டின்னுக்குத் தண்ணி ஊத்தறே?"

நாகமுத்துவுக்குக் கால் வைக்க இடமில்லை. குடிசை முழுக்கப் பால் பவுடர் டின், கொட்டாங்கச்சி, பனையோலைத் தொன்னை. எல்லாவற்றிலும் மண்ணும் மக்கிய எருவும். சிலதில் மட்டும் இரண்டே இலையோடு கத்திரி முளை. வெயில் படட்டும் என்று கூரையிலிருந்து நாலு ஓலையை வேறு உருவியிருந்தாள் அவன் மனைவி அங்காளம்மாள்.

"காலனியில எல்லா ஊட்லயும் இதான்யா நடக்குது. வெளிய வெச்சா மிராசுதாரு மாடு வுட்டுடுமா? போன தபா பாத்தே இல்ல?"

பார்த்தான்தான். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரிக்கரையோரம் நாற்பது சென்ட் புறம்போக்கு. காலனியின் இருபத்திரண்டு வீடும் சேர்ந்து கல் பொறுக்கி, வெண்டையும் கீரையும் போட்ட நிலம். பக்கத்தில் கம்பெனி வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் மிராசுதார் கண் அதில் விழுந்தது. ஒரே பகலில் அறுபது மாடுகளை இறக்கி மொட்டையடித்துவிட்டு, 'அது வெறும் தரிசு, என் மாடு மேயும் இடம்' என்று மனுவும் போட்டுவிட்டார்.

இனி ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும். பயிர் நின்றால் நிலம் காலனியின் அனுபோகம், உரிமை அவர்களுக்கே. தரிசு என்று எழுதினால் போயிற்று.

"மாட்டுக் குளம்படி அழியறதுக்குள்ள ஆபீசர் வரணும்மே. அதான் நமக்கு ஆதாரம்!"

"குளம்படிக்கு எவன்யா நெலம் குடுப்பான்?"

மூன்று முறை சிறை போனவன் நாகமுத்து. படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். அடுத்த பிரசுரத்துக்குத் தலைப்பு யோசிக்க ஆரம்பித்தான்.

வாசலில் இருமல் கேட்டது. கிராமக் கணக்கு எழுதும் கர்ணம் ஆதிநாராயணன், கையில் குடையோடு.

"வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றார், நாகமுத்து. சொல்லிட்டுப் போலாம்னு..." பேசிக்கொண்டே குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா கர்ணம், உள்ள நோட்டம்? சொல்லியாச்சு இல்ல, கெளம்பு."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. கர்ணத்துக்குக் காய்ச்சலாம். அவரும் அவருடைய கணக்கும் இல்லாமல் இன்ஸ்பெக்டர் வந்து பயனில்லை.

அடுத்த வாரம், மாமியார் காரியம். அதற்கடுத்த வாரம் நிலத்தின் வரைபடத்தைக் கரையான் அரித்துவிட்டதாம், புதுசு எழுதவேண்டுமாம். நடுவில் பெய்த மழையில் குளம்படியெல்லாம் கரைந்து போனது. அது தீர்ந்ததும் மறுபடி காய்ச்சல்.

நாகமுத்து கொதித்தான். "மிராசுதாரு ஊட்டு மோரு உள்ள போயிருக்கு. அதான் இந்த நடிப்பு!"

கைக்காசைப் போட்டு நோட்டீஸ் அடித்தான். தலைப்பே 'கள்ளக் காய்ச்சல்'. பத்துப் பேரோடு கர்ணம் வீட்டு வாசலில் நின்றான்.

"கர்ணமே, நடிக்காதே! கணக்கை எடு, களத்துக்கு வா!"

கர்ணம் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். இரண்டு முறை இருமிவிட்டு உள்ளே போனார்.

மறுநாளே தலையாரி தண்டோரா போட்டான். நாளைக் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர்.

"பாத்தியா, கோஷத்துக்கு இருக்கற பவரை!" என்றான் நாகமுத்து.

"பவரு கெடக்கட்டும். காலையில எழுந்து டின்னைத் தூக்கு" என்றாள் அங்காளம்மாள்.

விடிந்தபோது இருபத்திரண்டு வீட்டிலிருந்தும் நாற்று புறப்பட்டது. வீட்டுக்கு நூறு. கூடையில், தலையில், தூளியில். கத்திரியும் மிளகாயும், சாண் உயரம். வேரைப் பிடுங்கவில்லை. டின்னைத் தட்டி, மண்கட்டியோடு குழியில் இறக்கினார்கள். சேறு அப்பிய வேட்டியோடு நாகமுத்து நிமிர்ந்தபோது நாற்பது சென்ட்டும் பச்சையாகியிருந்தது. காலி டின்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டான்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர், கர்ணம், மிராசுதார்.

மிராசுதார் அலறினார். "மோசடி சார்! நேத்து இங்க புல்லு பூண்டு இல்ல. காலையில நட்டிருக்கானுங்க!"

இன்ஸ்பெக்டர் ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். "காலையில நட்ட நாத்து இந்த வெயிலுக்குத் தலை சாஞ்சிருக்கணுமே, ஐயா. இது நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குது. நானும் வெவசாயி புள்ளதான். கர்ணம், எழுதிக்குங்க. கத்திரி, மிளகாய். பயிர் உண்டு. அனுபோகம், காலனி."

அங்காளம்மாள் குலவையிட்டாள். இருபத்திரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொள்ள, ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. மிராசுதார் செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டுப் போனார்.

நாகமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கர்ணத்தின் எதிரில் போய் நின்றான்.

"இன்னா கர்ணம், ஒரு கோஷத்துல காய்ச்சல் விட்டுப்போச்சா?"

கணக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தவர் தலை தூக்கவில்லை.

"உன் ஊட்டு டின்னுல அன்னிக்கு ரெண்டு இலைதான் இருந்துச்சு, நைனா. கத்திரி நாத்து நடவுக்கு வர முப்பது நாள் ஆகுமே. அதுவரைக்கும் எனக்குக் காய்ச்சல் அடிக்கத்தானே வேணும்?"