ஒரோசியா அடிக்கும் மணி

பாதிரியாரின் ஜீப் குன்றிலிருந்து இறங்கிப் போய்விட்டது. தொள்ளாயிரம் வருடத்துக் கல் தேவாலயத்தை ஒட்டி, உர்பெஸைப் புதைத்த ஈரமண்மேல் நவம்பர் வெயில் வெளிறிக் கிடக்கிறது. கீழே கிராமத்தில் எந்தப் புகைபோக்கியிலும் புகை இல்லை. அங்கே மிஞ்சியிருந்தவர்களே இரண்டு பேர்தான், உர்பெஸும் பக்கத்து வீட்டு ஒரோசியாவும். இப்போது ஒரோசியா மட்டும். கோபுரத்துக்குள் அவள் கம்பளிக் கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு மணிக்கயிற்றை இழுக்கிறாள். ஓசை கூரையிழந்த வீடுகளின்மேல் பரவி, ஆடுகள் இல்லாத மேய்ச்சல் சரிவில் இறங்கித் தேய்கிறது. அடக்கத்துக்காகச் சாரகோசா நகரத்திலிருந்து வந்த உர்பெஸின் அண்ணன் மகன் ரமீரோ வாசலில் நிற்கிறான்.

"கேக்க ஆளே இல்லையே அத்தை, யாருக்காக அடிக்கிறீங்க?"

"உன் சித்தப்பனுக்குத்தான். இந்தக் கயித்தை யாரு பிடிக்கிறதுன்னு முப்பது வருசம் எங்கிட்ட மல்லுக்கு நின்னான். அவன் அடிச்சா செத்தவனே எழுந்து ஓடிருவான், அப்படி ஒரு அடி!"

ஒன்பதாவது அடி ஓய்கிறது. அவள் கயிற்றை விடவில்லை.

"முடிஞ்சுதா? வாங்க, கார்ல கீழே விட்டுடறேன்."

"ஆம்பளைக்கு ஒம்பது முடிஞ்சுது. பொம்பளைக்கு ஏழு இருக்கு."

"எந்தப் பொம்பளை செத்தா?"

"இன்னும் சாகலை. அன்னைக்கு அடிக்க யாருடா இருக்கா இங்க?"

அவள் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நிதானமாக முதல் அடியை அடிக்கிறாள். ஏழும் முடியும்வரை அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கல்தரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.