கொட்டாவிக் கணக்கு

முன் பெஞ்சில் ஒரு பிள்ளை வாயைப் பிளந்தது. அடுத்த நிமிஷமே பின் பெஞ்சில் இரண்டு.

"போச்சு!" என்று வராந்தாவில் நின்றபடியே தலையில் கை வைத்துக்கொண்டார் எழுத்தாளர்.

மண்புழுவைப் பற்றிச் சிறுவர்களுக்காக அவர் எழுதிய முதல் புத்தகம்தான் உள்ளே வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பகலெல்லாம் வங்கி கவுன்ட்டர், மீதி நேரமெல்லாம் மண்புழு என்று இரண்டு வருஷம் மாரடித்த புத்தகம். "இந்த வீட்டுல என்னைவிட மண்புழுவுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி" என்று கணவர் அலுத்துக்கொண்ட புத்தகம்.

பதிப்பகத்து முதலாளிக்கு ஒரு விதி உண்டு. குழந்தைகளுக்கான அறிவியல் புத்தகம் எதுவானாலும், அச்சுக்குப் போகும் முன் ஒரு வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும். எடிட்டர் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து கொட்டாவிகளை எண்ண வேண்டும். பத்தைத் தாண்டினால் புத்தகம் பரணுக்குப் போய்விடும். எழுதியவர் உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளைகள் மரியாதைக்காகக் கொட்டாவியை விழுங்கிவிடுவார்களாம்.

அதனால் எழுத்தாளர் மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே கால் கடுக்க நின்றார். வாசிக்கிற டீச்சரின் குரல் கேட்கவில்லை. எடிட்டர் பெண்ணின் முதுகும், அதற்கு அப்பால் பிள்ளைகளின் முகங்களும்தான் தெரிந்தன. ஒரு வரிசையே மொத்தமாக வாயைத் திறந்தபோது, அவர் எண்ணுவதை விட்டுவிட்டார்.

மணி அடித்தது. அவிழ்ந்த நெல்லிக்காய் மூட்டையாகப் பிள்ளைகள் சிதறி ஓடின. இரட்டைச் சடைக்காரி ஒருத்தியை எழுத்தாளர் மடக்கினார்.

"ஏம்மா, நான்தான் அந்தப் புத்தகத்தை எழுதினேன். அவ்வளவு போராவா இருந்துச்சு?"

"இல்லையே ஆன்ட்டி, சூப்பரா இருந்துச்சு!"

"அப்புறம் ஏன் எல்லாரும் கொட்டாவி விட்டீங்க?"

"எதிர்ல உட்கார்ந்திருந்த அக்கா விட்டுக்கிட்டே இருந்தாங்க. அவங்க வாயைத் திறந்தா எங்களுக்கும் தானா வருது. நாங்க என்ன பண்றது?"

சொல்லிவிட்டு மைதானத்துக்கு ஓடிவிட்டாள். எழுத்தாளருக்கு ரத்தம் தலைக்கேறியது.

எடிட்டர் பெண் மெதுவாக வெளியே வந்தாள். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சாரிக்கா, பத்தைத் தாண்டிடுச்சு..."

"தாண்டாம என்ன பண்ணும்? எதிர்ல உட்கார்ந்து நீ தூங்கி வழிஞ்சிருக்கே, அது பிள்ளைங்களுக்கும் தொத்திக்கிச்சு!"

"தப்பு என்னோடதுதான்க்கா. ராத்திரி தூக்கமில்ல."

"ஏன், விடிய விடியப் படம் பார்த்தியா?"

"கொஞ்சம் வேலை இருந்துச்சுக்கா. சார்கிட்ட கேட்டு இன்னிக்கே இன்னொரு வகுப்புல வேணா..."

"உன் அலட்சியத்துக்கு என் ரெண்டு வருஷ உழைப்பு பலியா? நானும்தான் விடியறதுக்குள்ள எழுந்து, சமைச்சு வெச்சு, பஸ்ல தொங்கிக்கிட்டு வேலைக்குப் போறேன். கவுன்ட்டர்ல உட்கார்ந்து கொட்டாவி விடறேனா?"

"இல்லக்கா."

உலகத்தில் யாருக்குமே அவரவர் களைப்புதான் பெரிய களைப்பு. எழுத்தாளர் மட்டும் விதிவிலக்கா என்ன?

"உங்க முதலாளிகிட்டயே பேசிக்கறேன். உன்னை மாதிரி ஆளை வெச்சுக்கிட்டா பதிப்பகம் உருப்பட்ட மாதிரிதான்!"

எடிட்டர் பெண் வாயைப் பொத்தி இன்னொரு கொட்டாவியை அடக்கினாள். அதைப் பார்த்ததும் எழுத்தாளருக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பொறுமையும் போயிற்று. போனை எடுத்து முதலாளியின் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டிருந்தது.

அதற்குள் இரட்டைச் சடைக்காரி ஒரு பையனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஆன்ட்டி, இவனுக்கு நீங்களே நல்லாச் சொல்லுங்க. இவனை நாங்க டாக்டர்னுதான் கூப்பிடுவோம். மழை பெஞ்சா போதும், ஸ்கேலை எடுத்துக்கிட்டு மண்புழுவை ஆபரேஷன் பண்ணக் கிளம்பிடுவான்."

"வெட்டினா ஒண்ணு ரெண்டாகும்னு நெனச்சேன்" என்றான் டாக்டர், தரையைப் பார்த்தபடி. "ஆகாதுன்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கே. வால் பக்கம் செத்துடும், தலைப் பக்கமும் பிழைக்கறது கஷ்டம்னு டீச்சர் படிச்சாங்க. சத்தியமா இனிமே வெட்ட மாட்டேன் ஆன்ட்டி."

எழுத்தாளர் எடிட்டர் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் எழுதியது அதுவல்ல. வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை நம்பி, ஒரு அத்தியாயம் முழுக்க அதையே எழுதியிருந்தார். 'வெட்டிப் பார்க்கலாமா?' என்று தலைப்பு வேறு!

போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "நீயா மாத்தினே?"

"நேத்து சாயங்காலம்தான்க்கா கண்ணுல பட்டுச்சு. அந்த அத்தியாயத்தை மாத்தினா அடுத்ததும் இடிச்சுது. உங்க நடை கெடாம எழுதணுமே... விடிஞ்சிடுச்சு."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"இன்னிக்கு வாசிக்கலேன்னா இந்த வருஷம் உங்க புத்தகத்துக்கு இடமில்லக்கா. இப்படி ஒரு தப்பு இருந்துச்சுன்னு சாருக்குத் தெரிஞ்சா, புத்தகத்தையே வேணாம்னுடுவார். நீங்க லீவு போட்டுட்டு எவ்வளவு ஆசையா வர்றீங்க... வாசிச்சு முடிஞ்சதும் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"ஹலோ, சொல்லுங்கம்மா" என்றது போன். "எத்தனை கொட்டாவி?"

எடிட்டர் பெண் பதறிப்போய், 'சொல்லாதீங்க' என்று கையை ஆட்டினாள். எழுத்தாளர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு போனில் பேசினார்.

"நிறைய சார். ஆனா பழியை உங்க எடிட்டர் மேல போட்டுடாதீங்க. புத்தகத்துல தப்பை எழுதினது நான், அதைத் திருத்த விடிய விடிய முழிச்சது அவங்க. பிள்ளைங்களைக் கொட்டாவி விட வெச்சது நான்தான் சார்."