விதிவிலக்கு

பக்கத்து அறையில் முதல் அடி விழுந்தபோது நான் 'வீடியோ' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன்.

"பாட்டும் வேணாம் பாய். அதையும் சேத்துடுங்க," என்றார் முதலாளி.

'ஆடியோ'வுக்கும் டிக் போட்டேன்.

உஸ்மான் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் ஐந்தாவது மாடி. கடை இன்னும் திறக்கவில்லை. கீழே வாசல் ஸ்பீக்கரில் ஆடித் தள்ளுபடி அறிவிப்பு ஓட ஆரம்பித்திருந்தது. நான் இந்தக் கடை ஆள் இல்லை. சர்வரில் கோளாறு என்றால் கூப்பிடுவார்கள்.

இந்த முறை கோளாறு ஒரு வீடியோ. நாற்பது நொடி.

சேலைப் பிரிவில் நிற்கும் அன்புச்செல்வி ஸ்டாக் ரூமில் ஒரு பண்டலின் மேல் உட்கார்கிறாள். இந்தக் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. முதலாளியின் தம்பி அசோகன் வருகிறார். கையில் துணி அளக்கும் இரும்புக் கோல். அவள் எழுவதற்குள் அடிக்கிறார். அவள் கையால் தடுக்கிறாள். கை, மடங்கக் கூடாத இடத்தில் மடங்குகிறது.

அதற்குப் பிறகும் முப்பது நொடி இருக்கிறது.

அதை யாரோ சிசிடிவியிலிருந்து எடுத்து, எல்லா கவுண்டரிலும் திறக்கும் பொது ஃபோல்டரில் போட்டார்கள். முதலாளி அழித்தார். மறுநாள் மீண்டும் இருந்தது. மூன்று முறை.

யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. நேற்று வரை கடை முழுக்க ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். இன்று காலைதான் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் கொடுத்திருந்தேன்.

அசோகன் அதற்குக் காத்திருக்கவில்லை. பில்லிங்கில் இருக்கும் பாரத்தும் அன்புச்செல்வியும் பெரும்பாக்கத்தில் ஒரே பிளாக். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். அவருக்கு அது போதும்.

நடுவில் இருந்த கதவு பாதி திறந்திருந்தது.

"சத்தியமா நான் இல்ல சார். எனுக்கு பில்லு போடத்தான் சார் தெரியும்."

"பில்லு போடுறவனுக்குப் படம் போடத் தெரியாதா? யார்ரா போட்டது?"

கோல் காற்றைக் கிழித்து வருவது கேட்டது. பிறகு எலும்பில் படுவது.

நான் விசைகளைச் சத்தமாகத் தட்டினேன்.

முதலாளிக்கு வேண்டியது எளிய விதிதான். வீடியோ எதுவும் சர்வருக்குள் போகக் கூடாது. போட முயன்றவரின் பெயர் உடனே அவர் போனுக்கு வர வேண்டும்.

சோதித்துக் காட்டினேன். பென் டிரைவில் என் தங்கையின் நிக்காஹ் வீடியோ இருந்தது. அதை இழுத்துப் போட்டேன். அனுமதி இல்லை என்றது திரை. முதலாளியின் போன் ஒலித்தது. முதஸ்ஸிர் என்று என் பெயர்.

"அடடே, மொதல் திருடனே நம்ம பாய்தான்!" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

அந்தப் பக்கம் நாற்காலியோடு பாரத் விழுந்தான். அசோகன் எழச் சொன்னார். அவனால் முடியவில்லை போல. விழுந்த இடத்திலேயே அடி தொடர்ந்தது. ஈரமான சத்தம்.

போன் மீண்டும் ஒலித்தது.

அறிவிப்பின் நகல் என் திரைக்கும் வரும். கோப்பின் பெயர், ஸ்டாக் ரூம். போட முயன்றவர், அஸ்வினி.

அஸ்வினி முதலாளியின் மகள். மூன்றாவது மாடியில் ஆன்லைன் விற்பனையைப் பார்க்கிறாள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். எழுந்து பக்கத்து அறையை நோக்கி நடந்தார்.

என் விரல்கள் நின்றன. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடி நிற்கும்.

அவர் கதவை இழுத்துச் சாத்தினார்.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா வெளம்பர வீடியோல்லாம் போடும் பாய். அத மட்டும் விட்டுடுங்க. இந்த மெசேஜும் இனிமே வர வேணாம்."

கோப்பின் பெயர் என் திரையில் அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார்.

பொது ஃபோல்டருக்குள் விளம்பரத்துக்கென்று அஸ்வினிக்கு ஒரு தனி ஃபோல்டர் உண்டு. அதற்கு விதிவிலக்கு கொடுத்தேன். நான்கு கிளிக். அதையும் எல்லா கவுண்டரிலும் திறக்கலாம். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

கதவுக்கு அப்பால் அசோகன் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். யார் போட்டது, யார் போட்டது. பாரத்திடமிருந்து இப்போது சத்தமே இல்லை.

பதில் தெரிந்த இரண்டு பேரும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம்.